கட்டியை எடுத்தாச்சு... மூளையின் கடைமடைக்கு ரத்தம் போனதா? பக்கவாத சிகிச்சையில் தொடரும் புதிர்

பக்கவாதம் வந்த ஒருவரை நேரத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுகிறார்கள். தொடைப் பகுதி ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாய் ஒன்றை மூளை வரை செலுத்தி, அங்கே அடைத்துக்கொண்டிருந்த ரத்தக்கட்டியை டாக்டர்கள் இழுத்து எடுக்கிறார்கள். சற்று முன்பு வரை பாதியில் ஒடிந்த கிளை மாதிரி திரையில் தெரிந்த ரத்தக்குழாய், இப்போது நுனி வரை விரிந்து தெரிகிறது. "கட்டியை முழுசா எடுத்தாச்சு, ரத்தம் நல்லா போகுது" என்று டாக்டர் வெளியே வந்து சொல்ல, காத்திருந்த குடும்பம் கையெடுத்துக் கும்பிடுகிறது.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், அதே நோயாளி சட்டைப் பட்டன் போட முடியாமல், பேச்சு குழறி, பாத்ரூம் போகவே இன்னொருவர் தோளைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். அடைப்பு நீங்கியது உண்மை. டாக்டர் சொன்னதிலும் பொய் இல்லை. அப்புறம் எங்கே தப்பியது?

உலகம் முழுக்கப் பக்கவாத நிபுணர்களைக் குடைந்துகொண்டிருக்கும் கேள்வி இது. கடந்த சில ஆண்டுகளாகப் பலமாகப் பேசப்படும் பதில்களில் ஒன்று: பெரிய குழாய் திறந்துவிட்டாலும், அதற்குக் கீழே இருக்கும் முடியைவிட மெல்லிய நுண்குழாய்களில் ரத்தம் மறுபடி ஓடாமலே நின்றுவிடலாம். மருத்துவத்தில் இதற்கு 'நோ-ரீஃப்ளோ' என்று பெயர். மேட்டூர் அணையைத் திறந்தாச்சு என்று செய்தி வந்து பல நாள் ஆன பிறகும், கடைமடை விவசாயி காய்ந்த வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்பாரே, கிட்டத்தட்ட அதே நிலைமைதான்.

சாதனைதான், ஆனால் பாதிப் பேருக்கு!

பக்கவாதத்தில் இரண்டு வகை உண்டு. மூளை ரத்தக்குழாய் வெடித்து ரத்தம் கசிவது ஒன்று. குழாய்க்குள் கட்டி அடைத்து ரத்தம் நிற்பது இன்னொன்று. இரண்டாவதுதான் அதிகம். இந்தக் கட்டுரையும் அதைப் பற்றியதுதான்.

அடைப்பைக் கரைக்கும் 'ஆல்டிபிளேஸ்' என்ற ஊசி மருந்து பலன் தரும் என்று 1995-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. அடுத்த ஆண்டே அங்கே அனுமதி கிடைத்தது. ஆனால் ஆரம்பத்தில் 3 மணி நேரம், பிறகு நாலரை மணி நேரம் என்று அதற்குக் கெடு இருந்தது. பெரிய குழாயில் நீளமான கட்டி அடைத்திருந்தால் மருந்து பல நேரம் அதைக் கரைக்க முடியாமல் தோற்றது.

அந்த இடத்தில்தான் 'த்ராம்பெக்டமி' வந்தது. மருந்தால் கரைப்பதற்குப் பதிலாக, கம்பிவலை போன்ற கருவியால் கட்டியைப் பிடித்து இழுப்பது, அல்லது குழாய் வைத்து உறிஞ்சுவது. 2015-ம் ஆண்டு வாக்கில் நெதர்லாந்து, கனடா, ஆஸ்திரேலியா, ஸ்பெயின் என்று வெவ்வேறு நாடுகள் முன்னின்று நடத்திய ஐந்து ஆய்வுகளின் முடிவுகள் அடுத்தடுத்து வெளியாகின. ஐந்துமே ஒரே பக்கம் சாய்ந்தன. மருத்துவ உலகில் இப்படி நடப்பது அபூர்வம்.

அந்த ஐந்தையும் சேர்த்து, 1,287 நோயாளிகளின் விவரங்களை அலசிய கட்டுரை 2016-ல் 'லான்செட்' இதழில் வந்தது. 90 நாள் கழித்து யார் உதவியும் இல்லாமல் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலையில் இருந்தவர்கள், கட்டியை எடுத்த குழுவில் 46 சதவீதம். எடுக்காமல் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற குழுவில் 26.5 சதவீதம். இது மிகப் பெரிய முன்னேற்றம், சந்தேகமே இல்லை.

ஆனால் 46 என்ற எண்ணை இன்னொரு பக்கமிருந்தும் பாருங்கள். சிகிச்சை கிடைத்தவர்களிலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்த நிலைக்கு வரவில்லை. அப்போது எல்லாருக்கும் குழாயைச் சரியாகத் திறக்க முடியவில்லை என்பது ஒரு காரணம். சுமார் 71 சதவீதம் பேருக்குத்தான் நன்றாகத் திறந்தது. இன்று கருவிகள் மேம்பட்டு, நல்ல மையங்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் திறந்துவிட முடிகிறது. ஆனால் திறந்த குழாய்களின் எண்ணிக்கை ஏறிய அளவுக்கு, எழுந்து நடந்தவர்களின் எண்ணிக்கை ஏறவில்லை.

இந்த இடைவெளிக்கு எல்லாப் பழியையும் நுண்குழாய்கள் மீது போட முடியாது. ஆஸ்பத்திரி வந்து சேர்வதற்குள்ளேயே மூளையின் ஒரு பகுதி இறந்திருக்கலாம். பெரிய குழாய் அடைத்த பக்கவாதத்தில், சிகிச்சை இல்லாமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் அழிகின்றன என்று 2006-ல் ஒரு அமெரிக்க நிபுணர் கணக்கிட்டார். அது போக, திறந்த பிறகு ரத்தக்கசிவு, வயது, படுக்கையில் வரும் நிமோனியா என்று காரணங்கள் உண்டு. ஆனால் இவை எல்லாவற்றையும் கழித்த பிறகும் ஒரு பகுதி விளக்கம் இல்லாமல் மிஞ்சுகிறது. ஆராய்ச்சியாளர்கள் துரத்துவது அந்த மிச்சத்தைத்தான்.

திரையில் தெரியாத 600 கிலோமீட்டர்

உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான். ஆனால் உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. சேமித்து வைக்க இடமும் இல்லை, ஆகவே ஒவ்வொரு நொடியும் சப்ளை வந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த ஆக்சிஜனும் குளுக்கோஸும் செல்களுக்குக் கைமாறுவது பெரும்பாலும் நுண்குழாய்களில்தான். மனித மூளையில் இருக்கும் நுண்குழாய்களை எல்லாம் நீட்டி வைத்தால் சுமார் 600 கிலோமீட்டர் வரும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. சென்னையில் இருந்து திருநெல்வேலிக்குப் போகிற தூரம்.

அகலமோ 5 முதல் 10 மைக்ரோமீட்டர். ஒரு சிவப்பணுவே 7, 8 மைக்ரோமீட்டர் இருக்கும். அதனால் பல இடங்களில் சிவப்பணுக்கள் உடம்பை வளைத்துக்கொண்டு, ரேஷன் கடை வரிசை மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக முடியும். வெள்ளையணுக்கள் இன்னும் பெரியவை, அவ்வளவு எளிதில் வளையவும் வளையாதவை. இப்படிப்பட்ட சந்துக்குள் சுவர் கொஞ்சம் சுருங்கினாலும் போக்குவரத்து நின்றுவிடும்.

இப்போது கேத்லேப் திரைக்கு வருவோம். ஆஞ்சியோகிராமில் தெரிவது, சாயம் பாயும் தமனிகளும் அவற்றின் கிளைகளும். நுண்குழாய்கள் தனித்தனியாகத் தெரியாது. சிகிச்சை எவ்வளவு தூரம் வெற்றி என்பதற்கு டாக்டர்கள் 0-ல் இருந்து 3 வரை மதிப்பெண் போடுகிறார்கள். கொஞ்சமும் திறக்காவிட்டால் 0, முழுசாகத் திறந்தால் 3. நடுவில் 2ஏ, 2பி, 2சி என்று படிகள். '2பி'-யைத் தாண்டினாலே வெற்றிக் கணக்கில் சேர்த்துவிடுவது வழக்கம். பாதிக்கப்பட்ட பகுதியில் பாதிக்கு மேல் சாயம் திரும்பியிருந்தால் அது 2பி. அதாவது வெற்றி என்று எழுதப்படும் கேஸ்களிலேயே, கொஞ்சம் இடம் இன்னும் வறண்டு கிடக்கலாம். முழு மதிப்பெண் 3 வாங்கியவருக்கும், அது வாய்க்கால் வரைக்குமான மதிப்பெண்தான். வயலில் தண்ணீர் பாய்ந்ததா என்பதை அந்தப் படம் சொல்லாது.

முயல் மூளையில் தெரிந்த வெள்ளைத் திட்டு

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1960-களின் கடைசியில், அமெரிக்காவில் ஏடெல்பர்ட் ஏம்ஸ் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவும் முயல்களின் மூளைக்குப் போகும் ரத்தத்தைச் சில நிமிடங்கள் நிறுத்தினார்கள். பிறகு ரத்த ஓட்டத்தைத் திறந்துவிட்டு, அதோடு கரித்தூள் கலந்த கரைசலைச் செலுத்தினார்கள். ரத்தம் எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் மூளை கறுப்பாக வேண்டும். ஆனால் ஆங்காங்கே வெளுத்த திட்டுகள் மிஞ்சின. தடை எதுவும் இல்லை, குழாய் திறந்திருக்கிறது, இருந்தும் அந்த இடங்களுக்கு ரத்தம் போய்ச் சேரவில்லை. ரத்தத்தை எவ்வளவு நேரம் நிறுத்தினார்களோ, அதற்கேற்ப வெளுத்த பரப்பும் கூடியது. 1968-ல் வெளியான அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே 'நோ-ரீஃப்ளோ' என்ற சொல் இருக்கிறது.

இதயத்தில் இந்தச் சொல் எப்போதோ பழகிப்போனது. மாரடைப்புக்கு பலூன் வைத்து, ஸ்டென்ட் வைத்து குழாயைத் திறந்த பிறகும் இதயத் தசைக்கு ரத்தம் சரியாகப் போகாத நிலையைக் காட்டும் வார்த்தையாக இதய மருத்துவர்கள் அதைத் தினமும் பயன்படுத்துகிறார்கள். மூளை விஷயத்தில் மட்டும் அது ஆய்வகத்தோடு நின்றுவிட்டது. காரணம் எளிமையானது. மனித மூளையில் பெரிய குழாயையே நம்பகமாகத் திறக்க வழி இல்லாதபோது, அதற்கு அடுத்த கட்டத்தில் என்ன ஆகிறது என்று யார் யோசிப்பார்கள்? 2015-க்குப் பிறகுதான் அந்தக் கேள்விக்கு வேலை வந்தது.

அப்படி என்னதான் அடைக்கிறது?

சந்தேகப் பட்டியலில் சிலர் இருக்கிறார்கள். முதல் ஆள் 'பெரிசைட்'. நுண்குழாயின் வெளிச்சுவரைக் கை விரல்களால் பற்றியது போல் சுற்றிப் பிடித்திருக்கும் செல் இது. தேவைக்கு ஏற்ப குழாயை இறுக்கவும் தளர்த்தவும் இதனால் முடியும். 2009-ல் துருக்கியின் அங்காராவில் உள்ள ஹாஜெட்டெபே பல்கலைக்கழகக் குழு, எலிகளின் மூளைத் தமனியை அடைத்துவிட்டுப் பிறகு திறந்தது. தமனி திறந்தும் பெரிசைட்கள் பிடியை விடவில்லை. அவை இறுக்கிய இடங்களில் சிவப்பணுக்கள் சிக்கிக் கிடந்தன.

ஏன் விடவில்லை என்பதற்கு 2014-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் டேவிட் ஆட்வெல் குழு 'நேச்சர்' இதழில் கொஞ்சம் பகீரென்ற விளக்கம் தந்தது. ஆக்சிஜன் கிடைக்காத பெரிசைட் முதலில் சுருங்குகிறது, பிறகு சுருங்கிய நிலையிலேயே இறந்துபோகிறது. இறந்த உடல் விறைத்துப்போவது போல, பிடித்த பிடியோடு விறைத்துவிடுகிறது. உயிரோடு இருக்கும் செல்லைத் தளரச் சொல்லி மருந்து கொடுக்கலாம். செத்த செல்லிடம் என்ன சொல்வது?

அடுத்த சந்தேக நபர், நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு. கிருமியோடு சண்டை போட முதலில் ஓடி வருவது இதுதான். ஆனால் பக்கவாதத்திலும் உடல் இதை அனுப்பி வைக்கிறது. 2020-ல் வெளியான ஒரு எலி ஆய்வில், சூரிச்சில் உள்ள ஆராய்ச்சியாளர்கள், ஊசி மருந்தால் தமனி திறந்த பிறகும் நியூட்ரோஃபில்கள் நுண்குழாய்களுக்குள் மாட்டிக்கொண்டு பாதையை மறிப்பதைப் பார்த்தார்கள். அவற்றின் எண்ணிக்கையைக் குறைத்தபோது ஓட்டம் மேம்பட்டது.

இவை போக, பெரிய கட்டியை இழுக்கும்போது உடைந்து கீழே போகும் துணுக்குகள், அங்கேயே புதிதாக உருவாகும் பொடிக் கட்டிகள், குழாயைச் சுற்றியுள்ள செல்கள் வீங்கி வெளியில் இருந்து நெருக்குவது... இதெல்லாமும் இருக்கிறது. ஒரே நோயாளியில் எல்லாம் சேர்ந்தும் நடக்கலாம். அதனால் 'நோ-ரீஃப்ளோ'-வை ஒரே நோய் என்று நினைத்து ஒரே மருந்தைத் தேடுவதே சரிதானா என்ற கேள்வி இங்கேயே ஆரம்பிக்கிறது.

எலியில் சரி, மனிதர்களில்?

இதில்தான் உண்மையான சண்டை. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னை மையமாகக் கொண்ட குழு, தாங்கள் முன்பு நடத்திய த்ராம்பெக்டமி ஆய்வுகளின் ஸ்கேன்களை மறுபடி எடுத்துப் பார்த்தது. ஏறக்குறைய முழுசாகவோ முழுசாகவோ குழாய் திறந்த 130 பேரை எடுத்துக்கொண்டார்கள். 24 மணி நேரம் கழித்து எடுத்த, ரத்த ஓட்டத்தை அளக்கும் ஸ்கேனில், பாதிக்கப்பட்ட இடத்தையும் மூளையின் மறுபக்கத்தில் அதே இடத்தையும் ஒப்பிட்டார்கள். 15 சதவீதத்துக்கு மேல் குறைவு இருந்தால் 'நோ-ரீஃப்ளோ'. அப்படிப் பார்த்ததில் நான்கில் ஒருவருக்கு அது இருந்தது. 2022-ல் 'நியூராலஜி' இதழில் வெளியான அந்த ஆய்வின்படி, அவர்கள்தான் 90 நாள் கழித்து மற்றவர்களைவிட மோசமான நிலையிலும் இருந்தார்கள்.

நான்கில் ஒருவர் என்றால், திரையில் 'சக்ஸஸ்' பார்த்து கும்பிட்ட நான்கு குடும்பங்களில் ஒன்று.

ஆனால் இதற்கு முந்தைய ஆண்டு பிரான்ஸின் மாண்ட்பெல்லியேவில் இருந்து வந்த சிறிய ஆய்வில், முழுசாகத் திறந்தவர்களிடம் இந்தப் பிரச்சினை பெரிதாகத் தென்படவே இல்லை. பிறகு பல ஆய்வுகளைச் சேர்த்துக் கூட்டிப் பார்த்தவர்களுக்கு, சராசரி மூன்றில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவாக வந்தது. ஆனால் ஆய்வுக்கு ஆய்வு எண்கள் எங்கெங்கோ ஓடின.

ஏன் இவ்வளவு வேறுபாடு? எதை 'நோ-ரீஃப்ளோ' என்று அழைப்பது என்பதிலேயே ஒற்றுமை இல்லை. ஒரு குழு சிகிச்சை முடிந்த சில நிமிடத்தில் அளக்கிறது, இன்னொன்று மறுநாள் அளக்கிறது. இடையில் ரத்த ஓட்டம் ஏறவும் இறங்கவும் செய்யும். திறந்த தமனியே மறுபடி அடைத்திருந்தால் அதுவும் ஸ்கேனில் குறைவாகத்தான் தெரியும். இதைவிடச் சங்கடமான கேள்வி ஒன்று உண்டு. திசு ஏற்கெனவே செத்துவிட்டால் அதற்கு ரத்தத்தின் தேவையும் குறையும். அப்படியானால் ரத்தம் போகாததால் திசு செத்ததா, திசு செத்ததால் ரத்தம் போகவில்லையா? மறுநாள் எடுக்கும் ஒரு ஸ்கேனை வைத்து இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. விலங்குகளில் நிரூபணமான விஷயத்தை மனிதர்களில் "இவ்வளவு சதவீதம்" என்று அடித்துச் சொல்லும் தலைப்புகளைப் பார்த்தால், இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

மருந்து விட்டுப் பார்த்தார்கள்...

காரணம் தெளிவாகும் வரை காத்திருக்காமல் சிலர் நேராகச் சோதனையில் இறங்கினார்கள். யோசனை எளிது: கட்டியை இழுத்து எடுத்த கையோடு, அதே குழாய் வழியாகக் கொஞ்சம் கரைப்பான் மருந்தை நேராக மூளைத் தமனிக்குள் விட்டால், கீழே மிஞ்சியிருக்கும் பொடிக் கட்டிகள் கரையாதா?

ஸ்பெயினின் பார்சிலோனாவில் ஏங்கெல் சமோரோ தலைமையில் நடந்த 'சாய்ஸ்' ஆய்வு இதைத்தான் செய்தது. முடிவு 2022 பிப்ரவரியில் 'ஜாமா' இதழில் வந்தது. 90 நாள் கழித்து ஊனம் ஏதும் இல்லாமல், அல்லது கண்ணுக்குத் தெரியாத அளவு சிறு தொந்தரவோடு மட்டும் இருந்தவர்கள், ஆல்டிபிளேஸ் பெற்ற குழுவில் 59 சதவீதம். போலி மருந்து பெற்ற குழுவில் 40.4 சதவீதம். எல்லாரும் பயந்த ரத்தக்கசிவும் கூடவில்லை. பக்கவாத நிபுணர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஆனால் 200 பேரை வைத்து நடக்க வேண்டிய ஆய்வு, கொரோனா காலத்தில் ஆள் சேர்க்க முடியாமலும் போலி மருந்து சப்ளை நின்றும் 121 பேரோடு பாதியில் நின்றது. சின்ன ஆய்வு, அதுவும் பாதியில் நின்றது என்றால், பலன் உண்மையைவிடப் பெரிதாகத் தெரிய வாய்ப்பு அதிகம். யாராவது திருப்பிச் செய்து பார்க்க வேண்டியிருந்தது.

அதைச் சீனா செய்தது, ஒன்றல்ல நான்கு ஆய்வுகளாக. 2025-ல் நான்கும் வெளியாகின. குழப்பமும் அங்கேதான் தொடங்கியது.

'போஸ்ட்-டிஎன்கே' என்ற ஆய்வில் 540 பேர். 'டெனெக்டிபிளேஸ்' என்ற புதிய தலைமுறைக் கரைப்பான் மருந்து. நல்ல முடிவு கிடைத்தவர்கள் 49.1 சதவீதம், மருந்து விடாதவர்களில் 44.1 சதவீதம். 'போஸ்ட்-யூகே' ஆய்வில் யூரோகைனேஸ் என்ற பழைய மருந்து. 45.1-க்கு 40.2. இரண்டிலும் மருந்துப் பக்கம் ஐந்து புள்ளி கூடத்தான், ஆனால் தற்செயலாகவே வந்திருக்கலாம் என்று ஒதுக்க முடியாத அளவுக்கு அந்த வித்தியாசம் உறுதியாக இல்லை. கணக்குப்படி இரண்டும் தோல்வி.

மற்ற இரண்டும் நேர்மாறு. 'ஏஞ்சல்-டிஎன்கே' ஆய்வில், பக்கவாதம் வந்து நாலரை மணி நேரத்துக்குப் பிறகு 24 மணி நேரத்துக்குள் வந்த 256 பேர். மருந்து பெற்றவர்களில் 40.5 சதவீதம், பெறாதவர்களில் 26.4 சதவீதம். 'பேர்ல்' ஆய்வில் ஆல்டிபிளேஸ், 324 பேர். 44.8-க்கு 30.2. இரண்டும் தெளிவான வெற்றி.

ஒரே நாடு, ஒரே ஆண்டு, ஏறக்குறைய ஒரே யோசனை, ரெண்டு பாஸ், ரெண்டு ஃபெயில். இதை எப்படிப் புரிந்துகொள்வது?

ஒரு வழி, யாரைச் சேர்த்தார்கள் என்று பார்ப்பது. போஸ்ட் ஆய்வுகள் இரண்டும் ஏறக்குறைய முழுசாகக் குழாய் திறந்தவர்களை மட்டுமே எடுத்தன. சாய்ஸ் போன்ற ஆய்வில், பாதிக்கு மேல் திறந்தவர்களுக்கும் இடம் உண்டு. அப்படிப்பட்டவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியும் கட்டித் துணுக்குகளே கீழ்க் கிளைகளில் மிஞ்சியிருக்கும். அவர்களுக்கு மருந்து கேட்டது என்றால், அது நுண்குழாயைத் திறந்ததால் அல்ல, மிச்சத் துணுக்கைக் கரைத்ததால் கூட இருக்கலாம். அப்போது வெற்றி பெற்ற ஆய்வுகளே 'நோ-ரீஃப்ளோ' கதைக்குச் சாட்சி சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

இன்னொரு வழி, சாதாரணக் கணக்கு. மெல்போர்ன் எண்ணை நம்பி, 100 பேரில் 25 பேருக்குத்தான் நுண்குழாய் அடைப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த ஆய்வுகள் எதுவும் ஸ்கேன் பார்த்து அந்த 25 பேரைத் தேர்ந்தெடுக்கவில்லை, 100 பேருக்கும் மருந்து விட்டார்கள். 75 பேருக்கு அது தேவையே இல்லை. மீதி 25 பேரில் ஐந்து பேரை மருந்து காப்பாற்றினாலும், மொத்தக் கணக்கில் அது வெறும் 5 புள்ளியாகத்தான் தெரியும். போஸ்ட் ஆய்வுகளில் வந்ததும் ஐந்து புள்ளிதான்! தற்செயல் ஒற்றுமையாகவே இருக்கலாம். ஆனால் 'தோல்வி' என்று முத்திரை குத்தி மூடிவைக்க அது போதாது. சிலருக்குக் கிடைத்த பலன் கூட்டத்தில் கரைந்திருக்க வாய்ப்பு உண்டு.

மூன்றாவதாக, மருந்தும் நோயும் பொருந்த வேண்டும். விறைத்துப்போன பெரிசைட்டையோ மாட்டிக்கொண்ட வெள்ளையணுவையோ கட்டியைக் கரைக்கும் மருந்து நேரடியாக எதுவும் செய்யாது. பூட்டு எதுவென்று பார்க்காமல் ஒரே சாவியை எல்லாக் கதவிலும் போட்டுப் பார்த்தது போலத்தான் இதுவரை நடந்த சோதனைகள். மருந்து சும்மா இருக்கும் சமாசாரமும் அல்ல. போஸ்ட்-டிஎன்கே ஆய்வில் ஆபத்தான மூளை ரத்தக்கசிவு மருந்துக் குழுவில் 6.3 சதவீதம், மற்றதில் 4.4 சதவீதம். வித்தியாசம் உறுதியானது அல்ல என்றாலும், தேவை இல்லாதவருக்கும் ஊற்றிவிடலாம் என்று தைரியம் தரும் எண் இல்லை.

பி.பி-யைக் குறைத்தபோது நடந்தது

மருந்து ஆய்வுகள் அளவுக்கு இது பேசப்படவில்லை. ஆனால் ஐசியூ படுக்கைக்கு இதுதான் நெருக்கமான விஷயம். குழாய் திறந்த பிறகு ரத்த அழுத்தம் அதிகமாக இருந்தால், சேதமான மூளைக்குள் ரத்தம் கசியும் என்ற பயம் நியாயமானது. அப்படியானால் நன்றாகக் குறைத்து வைத்தால் நல்லதுதானே?

சீனாவில் நடந்த ஆய்வு ஒன்று இதைச் சோதித்தது. ஒரு குழுவுக்கு மேல் அளவு 120-க்குக் கீழே, இன்னொன்றுக்கு 140 முதல் 180 வரை. 821 பேர் சேர்ந்த நிலையில் ஆய்வை நிறுத்த வேண்டியதாகிவிட்டது. பி.பி. குறைக்கப்பட்டவர்கள்தான் மோசமாக இருந்தார்கள். 2022-ல் 'லான்செட்' அதை வெளியிட்டது. அடுத்த ஆண்டு தென்கொரியாவில் இருந்து வந்த ஆய்வும் அதையே சொன்னது. 140-க்குக் கீழே இறக்கப்பட்டவர்களில் 39.4 சதவீதம் பேர் சொந்தக் காலில் நின்றார்கள், இறக்காமல் விட்டவர்களில் 54.4 சதவீதம்.

நுண்குழாய் பற்றித் தெரிந்தவர்களுக்கு இதில் அதிசயம் இல்லை. சந்து ஏற்கெனவே குறுகியிருக்கிறது, தள்ளிவிடும் அழுத்தத்தையும் குறைத்தால் கடைமடைக்குச் சொட்டுகூடப் போகாது. இது விளக்கம்தான், நிரூபணம் அல்ல. அந்த ஆய்வுகள் நுண்குழாய் ஓட்டத்தை அளக்கவில்லை. ஆனால் "குழாய் திறந்தாச்சு, இனி மூளைக்கு ரத்தம் போதும்" என்ற நினைப்பில் எடுக்கப்பட்ட ஒரு முடிவு நோயாளிகளைப் பாதித்தது என்பது எண்ணிலேயே தெரிகிறது. பக்கவாத சிகிச்சைக்குப் பிந்தைய பி.பி. விஷயத்தில், வீட்டில் பார்க்கும் சாதாரண பி.பி. கணக்கு பொருந்தாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வார்டில் மானிட்டரில் 150 என்று பார்த்து, "ஏன் மாத்திரை கொடுக்கவில்லை?" என்று நர்ஸிடம் சண்டை போடும் உறவினர்கள் உண்டு. அந்த 150 வேண்டுமென்றே விடப்பட்டதாக இருக்கலாம்.

அடுத்து என்ன?

இப்போது இல்லாதது, படுக்கையில் இருக்கும் நோயாளிக்கு அடைப்பு எங்கே மிஞ்சியிருக்கிறது என்று அந்த நேரத்திலேயே சொல்லும் வழி. மறுநாள் ஸ்கேனில் தெரிந்து பயன் இல்லை, அதற்குள் காலம் கடந்துவிடும். கேத்லேப் மேஜையிலேயே, நோயாளியை நகர்த்தாமல், அதே எக்ஸ்ரே கருவியைத் தலையைச் சுற்றிச் சுழற்றி ரத்த ஓட்டத்தை அளக்கும் தொழில்நுட்பம் வந்திருக்கிறது. அதில் ஓட்டம் குறைந்தது என்று தெரிந்தவர்களை மட்டும் சேர்த்து மருந்தைச் சோதித்தால், மேலே சொன்ன '25 பேர்' பிரச்சினை பெரிதும் தீரும். ஒரு மருந்து பலிக்கிறதா என்ற கேள்விக்கு நியாயமான பதில் அப்படிப்பட்ட ஆய்வில்தான் கிடைக்கும்.

நோயாளியின் குடும்பத்துக்கு இதில் இருந்து இப்போதே எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. "கட்டியை எடுத்துட்டோம்" என்று டாக்டர் சொன்னால், அது பெரிய குழாயைப் பற்றிய செய்தி. நல்ல செய்திதான், சிகிச்சையின் மிகக் கடினமான கட்டம் தாண்டியாகிவிட்டது. ஆனால் மூளை எவ்வளவு தப்பியது என்பது அடுத்த ஒன்றிரண்டு நாள் ஸ்கேனிலும், கை கால் அசைவிலும்தான் தெரியவரும். மறுநாள் கை எழவில்லை என்றால் டாக்டர் பொய் சொன்னார் என்றும் அர்த்தம் இல்லை, இனி எழவே எழாது என்றும் அர்த்தம் இல்லை. பிசியோதெரபியும் பேச்சுப் பயிற்சியும் பலன் தருவது அடுத்த பல மாதங்களில்.

முயலில் இருந்து எலி வரை ஆய்வகங்கள் திரும்பத் திரும்பக் காட்டியது இன்னொன்று: எவ்வளவு நேரம் ரத்தம் நிற்கிறதோ, அவ்வளவுக்கு நுண்குழாயும் கெடும். அதற்கு இன்று இருக்கும் ஒரே மருந்து வேகம்தான். முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ, திடீரென்று பார்வை மங்கினாலோ, நிலை தடுமாறினாலோ, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று படுக்க வைக்காமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போனதும் முதலில் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று, "கடைசியா எத்தனை மணிக்கு இவர் நல்லா இருந்ததைப் பார்த்தீங்க?" என்பது. கையில் இருக்கும் போனில் அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.